வலது வரிசைத் தொட்டிகள்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது குட்டி கேட்டாள்: "அம்மா, பவளத்துக்குச் சளி பிடிச்சிருக்கான்னு மிஸ் கேட்டா என்ன சொல்றது?" வகுப்பில் 'என் அம்மாவின் வேலை' என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். ஒன்பது வயதுக்காரிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பவளம் கல் இல்லை, பிராணி. அதன் உடம்புக்குள் ஒரு பாசி குடியிருக்கிறது. சாப்பாடு, நிறம் எல்லாம் அந்தப் பாசி கொடுப்பது. மேலே வழவழவென்று சளி. சளிக்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். கடல் சூடானால் பாசி வீட்டைக் காலி செய்துவிடும். பவளம் வெளுத்துப்போய்ப் பட்டினி கிடக்கும்.

"நீ என்ன பண்ணுவ?"

"அந்தச் சளியிலேர்ந்து ஒரு நல்ல பாக்டீரியாவைப் பிரிச்சு வளர்த்திருக்கேன். அதை ஊத்தினா, சூட்டுலயும் பாசி வெளிய போகல."

"மருந்து கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே. இதுக்கு இவ்ளோ நேரமா?"

என் வீட்டுக்காரர் கருவிப்பையை மூடிக்கொண்டே சிரித்தார். "மூணு வருஷமா நீ எனக்குச் சொல்லிப் புரியவைக்காததை ஒரே வரியில முடிச்சிட்டா பாரு."

மத்தியானம், படகு வேலைக்கென்று கேட்டிருந்த புது வெப்பமானி வந்து சேர்ந்தது. சரிபார்க்கலாமென்று தொட்டி அறைக்குக் கொண்டுபோனேன். இடது வரிசை: சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்ப் பெட்டியில் 28, புதியதில் 28. வலது வரிசை: சுவர்ப் பெட்டியில் 28, புதியதில் 27.

புதுசு கோளாறாக இருக்கும்.

பிப்ரவரி 11, புதன்

புதுசு கோளாறில்லை. இன்னும் இரண்டு வெப்பமானி கொண்டுபோய்ப் போட்டேன். மூன்றும் கூடிப் பேசிக்கொண்ட மாதிரி வலது வரிசையில் 27 என்றன. பழுது சுவர்ப் பெட்டியில் இருக்கிறது. அந்த வரிசையின் உணரி ஒரு டிகிரி கூட்டிக் காட்டுகிறது. பெட்டி 32 என்று காட்டும்போது தண்ணீர் 31-இல்தான் இருக்கும்.

பாக்டீரியா ஊற்றிய மூன்று தொட்டிகளும் வலது வரிசை. ஊற்றாத மூன்றும் இடது வரிசை. ஊற்றிய தண்ணீர் மற்றதில் கலந்துவிடக் கூடாதென்று அப்படிப் பிரித்து வைத்தது நான்தான். போன ஜூலையில் இரண்டு வரிசையையும் 32-க்குச் சூடாக்கியபோது இடது வரிசை வெளுத்தது, வலது வரிசை நிறத்தோடு நின்றது. அதைத்தான் கட்டுரையாக எழுதினேன். அது இதழில் வெளிவந்து மூன்று மாதம் ஆகிறது.

காப்பாற்றியது பாக்டீரியாவா? இல்லை, அந்த ஒரு டிகிரியா?

பிப்ரவரி 12, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. பழுது போன வாரம் வந்ததாகவும் இருக்கலாமே. இருக்கலாம். இருக்கணும்.

பிப்ரவரி 13, வெள்ளி

போன வருஷத்துத் தொட்டி நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அவற்றை எழுதுகிறவர் தொட்டி அண்ணன். ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். இருபது வருஷம் கடலில் முக்குளித்தவர், ஒரு காது போனதும் கரையேறி இந்த ஆறு தொட்டிகளையும் பார்த்துக்கொள்கிறார். கட்டம் கட்டிய, நிதானமான கையெழுத்து.

ஜூலை 9: 'வலது வரிசை மூன்றிலும் சூடு கம்மியாகத் தெரிகிறது. மேடத்திடம் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றார்கள்.' கீழே கையெழுத்து.

படித்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. முழங்கை வரை நனைந்த கையோடு என் மேசைக்கு வந்தார். "கை வச்சா தெரியுது மேடம். அந்த மூணும் ஒரு பொட்டு ஆறின மாதிரி இருக்கு." நான் திரையிலிருந்து தலையைத் தூக்கக்கூட இல்லை. "உங்க கையை நம்பி நான் கட்டுரை எழுத முடியுமாண்ணே?" பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தை விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எதற்காகப் பிடித்தேன் என்பதை எழுத மாட்டேன். நோட்டை அதே அடுக்கில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேனாம். "என்னன்னு சொல்லித் தொலை" என்றார் இவர்.

சொன்னேன். கட்டுரையோடு போகிற விஷயமாக இருந்தால் பரவாயில்லை. கடலில் ஆறடி ஆழத்தில், இரும்புச் சட்டங்களில் அறுநூற்று நாற்பது பவளத் துண்டுகள் கட்டி வளர்க்கிறோம். கோடைக்கு முன்னால் சட்டங்களைக் குளிர்ந்த ஆழத்துக்கு இறக்கிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. பாக்டீரியா கையில் இருக்கையில் எதற்கு அந்தச் சிரமம், மேலேயே இருக்கட்டும் என்று அப்புறம் முடிவானது. என் கட்டுரையை வைத்து. மார்ச் கடைசியில் கடல் கொதிக்கத் தொடங்கிவிடும் என்கிறது வானிலை அறிக்கை.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "கயிறு மேல சந்தேகம் வந்தா நான் முதல்ல போர்டை மாட்டிடுவேன், யாரும் ஏறாதீங்கன்னு. சந்தேகம் சரியா தப்பான்னு அதுக்கப்புறம் பார்ப்பேன்" என்றார்.

"போர்டு மாட்டினா என் வேலை போயிடும்."

"போகலாம்."

போகாது என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. மடித்த துணியை அலமாரிக்குள் வைக்கப் போய்விட்டார்.

பிப்ரவரி 16, திங்கள்

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் எழுந்துபோய்த் தானே கதவைச் சாத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் கேள்வி: "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கு. என் வீட்டுக்காரருக்கு."

"உணரி எப்பலேர்ந்து தப்பு காட்டுதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"ஜூலையிலேயே நோட்டுல..." என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. யார் எழுதினார், யாரிடம் சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டேன். அவரும் கேட்கவில்லை.

"திரும்பச் செய். சத்தமில்லாம. முடிவு வரட்டும், அப்புறம் பேசலாம்."

"கடல்ல இருக்கிற துண்டுங்க?"

"முடிவு வரட்டும்னு சொன்னேனே."

பாதி உண்மையைச் சொல்லிவிட்டு முழுசாகச் சொன்ன மாதிரி வெளியே வந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

மறுபடியும் ஆறு தொட்டி, 32 டிகிரி. தொட்டிக்கு எட்டுத் துண்டு. எதில் பாக்டீரியா ஊற்றுவது, எதில் கூடாது என்று இந்தத் தடவை சீட்டுக் குலுக்கிப் பார்த்தோம். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வெப்பமானி. தொட்டி அண்ணன் சீட்டை எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஏன் திரும்பச் செய்கிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

பிப்ரவரி 20, வெள்ளி

புதன்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. பழைய உணரியைப் பற்றி அதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார் இயக்குநர். "தொட்டிப் பராமரிப்புல ஏற்பட்ட குறைன்னு எழுது. பொய் இல்லையே."

எழுதினேன். 'பராமரிப்புக் குறைபாட்டால் வெப்ப அளவீட்டில் பிழை நேர்ந்திருக்கலாம்.' வாக்கியம் வழுக்கிக்கொண்டு வந்தது. அனுப்பியும் விட்டேன்.

பராமரிப்பு என்றால் யார்? அந்த அறையில் பராமரிக்கிறவர் ஒரே ஒருத்தர்தானே.

பிப்ரவரி 23, திங்கள்

அலுவலகத்திலிருந்து தொட்டி அண்ணனுக்கு ஓலை போயிருக்கிறது. ஏழு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம், தராவிட்டால் நடவடிக்கை. மத்தியானம் தொட்டி அறைக்குப் போனபோது அவர் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தாள் நாலாக மடிந்து சட்டைப் பையில் இருந்தது. ஈரம் பட்டு மை ஊறியிருந்தது.

அவர் பக்கத்தில் போய், "அண்ணே, நீங்க ஜூலையிலேயே எங்கிட்ட வந்து சொன்னீங்க" என்றேன்.

நல்ல காதை என் பக்கம் திருப்பினார். "ஆமா, சொன்னேன்."

"அதை எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே? நோட்டுலயே இருக்கே!"

"எழுதினா உங்க பேரு வரும். எழுதலேன்னா என் பேரு. ரெண்டுல எது வந்தாலும் அந்தக் குஞ்சுகளுக்கு என்ன பிரயோசனம்?" வடிகட்டியை உதறினார். "நான் கட்டினதுங்க மேடம். அறுநூத்து நாப்பதும். ஒவ்வொண்ணா, இந்தக் கையால. என் சமாச்சாரம் மெதுவா நடக்கட்டும். முதல்ல அதுங்களைக் கீழ இறக்குங்க. இந்தச் சோதனை முடியற வரைக்கும் கடல் காத்துக்கிட்டு இருக்காது."

என்ன நடக்கிறதென்று யாரும் சொல்லாமலே எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறார். முழுவதும்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு வரி எழுதவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

நான் இப்படிப்பட்டவளா? எப்பலேர்ந்து?

பிப்ரவரி 25, புதன்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

குழுவில் ஐந்து பேர், தலைமையில் இயக்குநர். என் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர், "அந்தத் தொட்டி ஊழியர்மேல என்ன நடவடிக்கை?" என்றார். சாதாரணமாக, மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிற மாதிரி. நான் எழுந்துவிட்டேன். எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கூட வைத்திருக்கவில்லை.

"அந்தக் குறிப்பு தப்பு. நான்தான் எழுதினேன், தப்புன்னு தெரிஞ்சே எழுதினேன். அவர் ஜூலை ஒம்பதாம் தேதியே எங்கிட்ட வந்து சொன்னார். நான் காதுல வாங்கல, கிண்டல் பண்ணி அனுப்பினேன். நோட்டுல அவர் எழுதி வச்சிருக்கார்." நோட்டைத் திறந்து மேசை நடுவில் வைத்தேன். ஐந்து தலைகளும் குனிந்தன. இயக்குநர் மட்டும் குனியவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் சட்டங்களைப் பற்றிச் சொன்னேன். உளறியிருப்பேன். முடிவு மார்ச் ஒன்பதில்தான் வரும், அதற்கப்புறம் படகும் முக்குளிப்பவர்களும் கிடைக்க நாளாகும், அதற்குள் சூடு வந்துவிடும். பாக்டீரியா வேலை செய்தாலும் ஆழத்தில் இருப்பதால் கெடுதல் இல்லை, வேலை செய்யாவிட்டால் மேலே இருக்கிற ஒன்றுகூடத் தேறாது என்றேன். "உறுதியாகத் தெரியாத ஒன்றுக்கு இவ்வளவு செலவா?" என்று ஒருவர் இழுத்தார்.

"இறக்கிடலாம்." இயக்குநரின் குரல். "மார்ச் பதினாலாம் தேதிக்குப் படகு சொல்லி வைங்க."

எனக்காகச் சொன்னாரா, பவளத்துக்காகவா, தெரியாது. வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் என்னைத் தாண்டிப் போனார், நின்று பேசவில்லை. சாயங்காலம் கடிதம் வந்தது. தொட்டி அண்ணனுக்கு அனுப்பிய ஓலை ரத்து. திட்டப் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்படுகிறது. இப்போது நடக்கிற சோதனையை மட்டும் நான் முடித்துக் கொடுக்கலாம்.

மார்ச் 1, ஞாயிறு

விடுமுறையிலும் போய்த் தொட்டிகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. "பிரசவ வார்டு மாதிரி ஆயிடுச்சு" என்றார் இவர்.

எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஊற்றியவை வெளுக்காமல் நின்றால், நான் எல்லோரையும் வீணாக அலைக்கழித்தேன். வெளுத்தால், என் மூன்று வருஷமும் தண்ணீரில் கரைந்தது. நிற்கட்டும் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. ஆராய்ச்சி செய்கிறவள் அப்படி ஒரு பக்கம் சாய்ந்து ஆசைப்படக் கூடாது. படுகிறேன்.

மார்ச் 5, வியாழன்

மூன்றாம் தொட்டியில் ஒரு கிளை நுனி வெளிறிய மாதிரி இருந்தது. விளக்கின் நிழலோ?

மார்ச் 6, வெள்ளி

நிழல் இல்லை. மூன்றாம் தொட்டி, பாக்டீரியா ஊற்றியது.

மார்ச் 9, திங்கள்

எண்ணி முடித்தாயிற்று. எந்தத் தொட்டி எது என்று தெரியாத ஒருவரை வைத்து எண்ணச் சொன்னேன். அப்புறம் நானும் எண்ணினேன். இரண்டும் ஒத்துப்போகிறது.

ஊற்றிய இருபத்துநாலில் நிறத்தோடு இருப்பவை ஐந்து. ஊற்றாத இருபத்துநாலில் நாலு.

ஐந்துக்கும் நாலுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. பாக்டீரியா சளியில் உயிரோடுதான் இருக்கிறது, எடுத்துப் பார்த்தோம், பெருகியும் இருக்கிறது. காப்பாற்றவில்லை, அவ்வளவுதான். அது பாட்டுக்கு ஒரு வாடகைக்காரன் மாதிரி குடியிருக்கிறது. அதன்மேல் இத்தனை வேலையையும் ஏற்றிவிட்டது நான்.

அழுகை வரவில்லை. வெளுத்த துண்டுகள் பார்க்க அழகாக இருந்தன, அது ரொம்பக் கொடுமையாகப் பட்டது.

மார்ச் 14, சனி

விடிந்ததும் படகு. சட்டம் ஒவ்வொன்றுக்கும் நாலு கயிறு, இரண்டு காற்றுப்பை. முக்குளிப்பவர்கள் கீழே அவிழ்த்துத் தூக்கி, நீந்தி இழுத்துக்கொண்டு போய், நாற்பதடி ஆழத்தில் இறக்குகிறார்கள். தொட்டி அண்ணன் தண்ணீரில் இறங்கக் கூடாது, காது தாங்காது. படகின் விளிம்பில் உட்கார்ந்து அங்கிருந்தே எல்லோரையும் வறுத்தெடுத்தார். "ஏய், ஆட்டாத! கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்குடா! டேய், அந்தப் பக்கம் சாயுது பாரு!" தண்ணீருக்கு அடியில் இருக்கிறவனுக்கு அது எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். "கேக்காது. எனக்குத்தான் கத்தலேன்னா தாங்காது" என்றார்.

எட்டுச் சட்டம் போயாயிற்று. எட்டு பாக்கி. ஒரு சட்டத்தில் முடிச்சு நழுவிப் பதினாறு துண்டுகள் மணலில் கொட்டின. பொறுக்கிக் கட்டினோம். கண்ணுக்குள் இன்னும் அந்தச் சட்டம் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

பதினாறும் இறங்கின. தோள்பட்டை கழன்றுவிட்ட மாதிரி வலி.

மார்ச் 30, திங்கள்

ஆறடி ஆழத்தில் 31.4. நாற்பதடியில் 29.8. ஒவ்வொரு நாளும் இதே இரண்டு எண்ணைத்தான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 22, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்துவிட்டது. இரண்டு பத்தி. கட்டுரையின் முதல் ஆசிரியர் நான். 'முதல் ஆசிரியரின் கவனக்குறைவு' என்று வரைவில் இயக்குநர் எழுதியிருந்த இடத்தில், 'தொட்டிப் பொறுப்பாளர் உரிய நேரத்தில் எச்சரித்தும் முதல் ஆசிரியர் சரிபார்க்கத் தவறினார்' என்று நான் மாற்றிக் கேட்டேன். ஒப்புக்கொண்டார். ஆச்சரியம்.

மூன்று பேர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் திட்டி, ஒருவர் பரிதாபப்பட்டு. மூன்றாமவர் வேறொரு கடலோரத்துக்காரர். அடுத்த மாதம் இதே பாக்டீரியாவைத் தங்கள் பவளத் திட்டில் ஊற்ற இருந்தார்களாம், நிறுத்திவிட்டோம் என்று ஒரே வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

குட்டியிடம் இன்றைக்குத்தான் சொன்னேன், சாப்பிடும்போது. "அப்ப மருந்து இல்லையா?"

"இல்லடா. அம்மா தப்பாப் பார்த்துட்டேன்."

"நான் கிளாஸ்ல எல்லாருக்கும் சொல்லிட்டேனே!" முகம் சிவந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டாள். நான் மிஸ்ஸிடம் வந்து பேசட்டுமா என்றேன். "வேணாம். நானே சொல்லிக்கிறேன். நீ வந்தா இன்னும் மோசமாயிடும்."

என்னை விடத் தைரியசாலி. மிச்சம் வைத்ததை இவர் சாப்பிட்டார்.

மே 19, செவ்வாய்

சட்டங்கள் முன்பு இருந்த மேல் திட்டு பூராவும் வெள்ளை. படகிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, தண்ணீருக்குள் சுண்ணாம்பு அடித்த மாதிரி. கீழே சட்டங்களில் என்ன கதி என்று பார்க்கத் தண்ணீர் தெளிய வேண்டும். இன்னும் கலங்கல்.

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். டிசம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது, அதற்கு மேல் சிபாரிசு செய்ய மாட்டேன் என்றார். சரி என்றேன். எழுந்த பிறகு, "உட்காரு" என்றார். "அன்னிக்கு நீ எழுந்து பேசலேன்னா நான் அதை அப்படியே விட்டிருப்பேன். அது எனக்குத் தெரியும். உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருது. அதனாலதான் பேசறதில்ல." கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன்.

கோபமா, ஆறுதலா, எதுவென்று சொல்லத் தெரியவில்லை. டிசம்பருக்கு அப்புறம் என்ன? அதுவும் தெரியவில்லை.

ஜூன் 11, வியாழன்

தண்ணீர் தெளிந்தது. இரண்டு நாளாக எண்ணுகிறோம். அறுநூற்று நாற்பதில் நானூற்றுப் பதினொன்று உயிரோடு இருக்கின்றன. மணலில் கொட்டிய பதினாறில் ஒன்பது. மேலே ஏறி எண்ணைச் சொன்னதும் தொட்டி அண்ணன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மிச்சம் இருநூத்துச் சொச்சம் போச்சே" என்றார். அவர் அப்படித்தான்.

திரும்பும் வழியில் மேல் திட்டில் ஒரு தடவை இறங்கினேன். எல்லாம் செத்து அழுக்குப் பாசி படர்ந்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு பவளம், குடை அகலம், பழுப்பு நிறம் கலையாமல் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி நாலு பக்கமும் அதே இனம், அதே ஆழம், எல்லாமே போய்விட்டன. சளியைப் பஞ்சில் ஒற்றி மூன்று குழாயில் எடுத்தேன். பக்கத்திலிருந்த செத்தவற்றிலிருந்தும் மூன்று. தண்ணீரில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பஞ்சில் ஒன்று.

படகில் தொட்டி அண்ணன் குழாய்களுக்குச் சீட்டு எழுதினார், என் கை ஈரமாக இருந்தது. இடம், ஆழம், நேரம் எல்லாம் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். "இது மட்டும் எப்படிப் பிழைச்சுது? காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன போடட்டும்?"

மனசில் ஐந்தாறு காரணம் ஓடியது. ஒவ்வொன்றும் கட்டுரைத் தலைப்பு மாதிரியே இருந்தது.

"தெரியலன்னு போடுங்கண்ணே."

போட்டார். கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சீட்டையும் பேனாவையும் என் பக்கம் நீட்டினார்.